கரைச்சரிவில் எதை ஓட்டுவது? ஏரிக்கரைப் புதரும் புல்வெட்டும் இயந்திரங்களும்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஏரிக்கரையில் மண்டிய புல்லையும் புதரையும் எப்படி அகற்றுவது என்பது விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஆவணி, புரட்டாசி தோறும் எழும் கேள்வி. கேள்வி பழையது, விடைதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. அரிவாள், ஆடு மாடு, கூலியாள், பொக்லைன், தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் என்று நீளும் வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம். விளையாட்டுத் திடல், கல்லூரி வளாகம் போன்ற சமதளத்தில் அதன் பயனை யாரும் மறுப்பதில்லை. செங்குத்தாக இறங்கும் மண்கரையில் அதை ஓட்டலாமா, ஓட்டலாம் என்றால் எந்த வகையை என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

இந்த மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. துறையின் பொறுப்பில் உள்ளவை மட்டுமே 500-க்கு மேல். திண்டிவனத்துக்குத் தெற்கே வராக நதியும் தொண்டியாறும் சேரும் இடத்தில் 1950-களின் இறுதியில் கட்டிய வீடூர் அணையின் நீண்ட மண்கரை தனி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையில் மேம்பாலம் ஏறும் இடங்களிலும் இருபுறமும் சரிவான மண்கரைகள் உண்டு.

கரையில் புல் இருக்க வேண்டும். புதர் இருக்கக் கூடாது. அருகம்புல் போன்ற தாழ்ந்த புல் மண்ணைப் பிடித்து, மழைநீர் கரையை அரிக்காமல் காக்கும். இடுப்பளவு புதர் வளர்ந்தாலோ எலி வளை, நண்டு வளை, நீர்க்கசிவு எதுவும் கண்ணில் படாது. கசிவைக் காலையில் பார்த்தால் மணல் மூட்டை போதும். பார்க்கத் தவறினால் உடைப்புதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் உடையும் கரைகளுக்கெல்லாம் புதரே காரணம் என்று சொல்ல முடியாது. கலங்கல் தாங்காமல் கரை மேல் தண்ணீர் வழிந்தால் மொட்டைக்கரையும் உடையும். ஆனால் கரையைச் சுற்றிப் பார்த்து வர வழி இருந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழத்தான் செய்கிறது.

சரிவின் கணக்கு

இயந்திரம் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை சரிவை அளக்காமலேயே நடக்கின்றன. அளப்பது எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள சட்டத்தின் ஒரு நுனியைச் சரிவில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு, மறு நுனியிலிருந்து தரைக்கு எத்தனை செ.மீ. என்று பார்த்தால் போதும். 27 செ.மீ. இருந்தால் சரிவு 15 பாகை. 36 என்றால் 20 பாகை. 50 என்றால் ஏறத்தாழ 27 பாகை.

மண்கரைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு, உட்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை. அதாவது ஓரடி இறங்க இரண்டடி அல்லது ஒன்றரை அடி விலகல். பாகையில் முதலாவது 27, இரண்டாவது 34. இது வரைபடக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் மழை அரித்து, மாடு மிதித்து, அடிவாரத்தில் யாரோ மண் எடுத்த கரை இதைவிடச் செங்குத்தாகவே இருக்கும். ஏறி ஓட்டும் சாதாரணப் புல்வெட்டும் இயந்திரங்களின் கையேடுகளோ, 15 பாகைக்கு மேல் ஓட்டாதே என்றுதான் பொதுவாக எச்சரிக்கின்றன. சில 10 பாகையிலேயே நிறுத்திக்கொள்கின்றன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் விவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

அரிவாளும் ஆடும்

பழைய விடை, ஊரே கூடி வெட்டுவது. குடிமராமத்து என்று பெயர். அது முழுக்க மனம் ஒப்பி நடந்த ஏற்பாடு என்று இன்று சொல்லப்படுவதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். வராதவர்களைத் தண்டிக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. ஊருக்குள் யார் மண் சுமந்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்பதும் சாதியைத் தாண்டியதாக இருந்ததில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் தொடங்கிய திட்டம் தூர்வாரல், மதகு, கலங்கல் பணிகளுக்கானது. ஆண்டுதோறும் புல்வெட்டுவதற்கானது அன்று.

நூறு நாள் வேலை இந்த இடத்தை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய முதல் கட்ட மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரி சீரமைப்பின் ஒரு பகுதியாகக் கரையில் முள் வெட்டும் வேலை நடந்தது உண்மை. ஆனால் அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே ஒரு முடிச்சு சேர்ந்தது: புல் அகற்றுவது போல, அளந்து காட்ட முடியாத, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளை எடுக்கக் கூடாது என்றது அது. பராமரிப்பு என்பதே திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஆளைக் குறைக்கும் இயந்திரத்தையும் இயன்றவரை தவிர்க்கச் சொன்னது சட்டம். ஆக ஆள் இருந்தும் வேலைக்கு அனுமதி இல்லை. இயந்திரம் இருந்தும் திட்டத்தில் இடமில்லை.

ஆடு மாடு மேய்ச்சலுக்கு ஆதரவாளர்கள் இன்றும் உண்டு. நெதர்லாந்தின் கடலணைகளில் செம்மறி மேய்வதை எடுத்துக்காட்டுவார்கள். புல்லுக்கு அது பொருந்தும். சீமைக்கருவேலத்திடம் பலிக்காது. அதன் இலையை ஆடு பெரிதும் ஒதுக்கிவிடும். காயை விரும்பித் தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் வந்து கரையெங்கும் முளைக்கும். மேய்ப்பவர்கள் வெட்டுவதாக நினைத்து விதைத்துக்கொண்டிருப்பார்கள்.

வேரோடு பிடுங்கும் கட்சி

சீமைக்கருவேலம் 1870-களில் சென்னை மாகாணத்தில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டுவரப்பட்ட மரம். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதை ஒழிப்பதே ஓர் இயக்கமானது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அதே ஆண்டு சென்னையில் வேறோர் அமர்வு அதை நிறுத்தி, நிபுணர் கருத்தைக் கேட்டது. 2022-ல் அந்நியப் படையெடுப்புத் தாவரங்களுக்கென்று மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது.

ஏரியின் உள்வாயில் பொக்லைன் கொண்டு வேரோடு பிடுங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. கரையில் அப்படிச் செய்தால் கரைக்கே குழி விழும். வேர் இருந்த இடத்தில் மண்ணை ஈரம் சேர்த்து அடுக்கடுக்காகக் கெட்டிக்காமல், பக்கெட்டால் தட்டிவிட்டுப் போனால், அடுத்த மழையில் தண்ணீர் தேடி வரும் இடம் அதுவாகத்தான் இருக்கும். வெட்டிவிட்டு வேரை விடலாம் என்றால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்க்கும். கோடையில் கொளுத்துவதும் அப்படியே: புல் சாம்பலாகும், மண் மொட்டையாகும், கருவேலம் மட்டும் மீண்டும் துளிர்க்கும். தளிரைச் சிறிதாக இருக்கும்போதே ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெட்டிக்கொண்டே இருப்பது, பெரிய மரத்தை வெட்டினால் குழியை முறையாகக் கெட்டிப்பது என்ற நடுவழிதான் கரைக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அந்த நடுவழிக்கு ஏற்ற கருவி எது என்பதே அடுத்த கேள்வி.

தோளில் மாட்டும் மிஷின்

இப்போதைக்கு வட்டாரத்தில் நடைமுறை விடை பிரஷ் கட்டர்தான். பெட்ரோலில் ஓடும் சிறு என்ஜின், நீண்ட குழல், நுனியில் புல்லுக்கு நைலான் நரம்பு, புதருக்கு மூன்று பல் கத்தி, கட்டைத் தளிருக்கு ரம்பத் தகடு. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டங்களில் மானியத்துக்கு வரும் கருவி. 27 பாகையோ 34 பாகையோ, ஆள் நிற்க முடிந்த இடத்தில் எல்லாம் இது வேலை செய்யும். கவிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

குறை வேறு பக்கம். கத்தியில் பட்ட சல்லி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்கின்றன கையேடுகள். ஏரிக்கரை என்பதோ ஊர்வழி. ஆடு ஓட்டுபவர், பள்ளிப் பிள்ளைகள், பைக் என்று போக்குவரத்து ஓயாது. அதிர்வில் கை மரத்துப்போவதும், முகக்கவசமும் கனத்த காலணியும் இல்லாமல் ரப்பர் செருப்போடு சரிவில் நிற்பதும் சாதாரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது மெதுவான வேலை. 2 கிலோமீட்டர் நீளக் கரையில், 4 மீட்டர் உயரத்துக்கு ஒன்றுக்கு இரண்டு சரிவு என்றால் வெளிச்சரிவு மட்டும் சுமார் நாலரை ஏக்கர். அதை ஒருவர் தோளில் சுமந்து வெட்டி முடிப்பதற்குள் முதலில் வெட்டிய இடம் தளிர்த்துவிடும். ஏறி ஓட்டும் இயந்திரத்தின் மீதான ஆசை பிறப்பது இங்கேதான். அது நியாயமான ஆசையும்கூட.

ஏறி உட்காரும் இயந்திரம்

1830-ல் இங்கிலாந்தில் எட்வின் படிங் காப்புரிமை பெற்ற தள்ளுவண்டியிலிருந்து தொடங்கும் இக்கருவியின் வரலாறு முழுவதும் சமதளப் புல்வெளியின் வரலாறு. சரிவு அதில் பின்னால் வந்து சேர்ந்த தொல்லை. அதனால்தான் பழகிய விதிகள் நம் கரையில் பொருந்தாமல் போகின்றன.

அவற்றில் முதன்மையான விதி: தள்ளும் இயந்திரத்தைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டு, ஏறி உட்காரும் இயந்திரத்தை மேலும் கீழுமாக ஓட்டு. முதலாவதில் ஆள் வழுக்கினாலும் கத்திக்கு அடியில் போக மாட்டார். இரண்டாவதில் வண்டி பக்கவாட்டில் கவிழாது. நல்ல விதி. ஆனால் மேலே சொன்ன 4 மீட்டர் கரையின் சரிவு நீளம் 9 மீட்டர்தான். மேலும் கீழும் ஓட்டினால் ஒவ்வொரு 9 மீட்டருக்கும் ஒருமுறை திரும்ப வேண்டும். திரும்பும்போதுதான் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். கீழே திரும்ப வெளிப்புறத்தில் வாய்க்கால் அல்லது வயல், உட்புறத்தில் தண்ணீர். மேலே கரையின் அகலம் ஒரு வண்டி போகும் அளவு. கரையின் நீளவாக்கில் ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். விதி தடுப்பதும் அதைத்தான். குன்றுப் புல்வெளிக்கு எழுதிய அறிவுரையை ஏரிக்கரைக்கு அப்படியே எடுத்துவர முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

நீளவாக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? வெளிச்சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர், ஓட்டுபவரோடு சேர்த்துக் கனமையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையில் அது சுமார் 40 பாகையில்தான் கவிழும். 27 பாகைக் கரையில் 13 பாகை மிச்சம் இருப்பதாகத் தோன்றும். கீழ்ச்சக்கரம் 10 செ.மீ. ஆழ எலி வளையில் இறங்கினால் ஏறத்தாழ 6 பாகை போயிற்று. அதே நேரத்தில் மேல்சக்கரம் 10 செ.மீ. கருவேலங்கட்டை மேல் ஏறினால் இன்னும் 6. கணக்கு 39-ல் வந்து நிற்கிறது. வண்டி நகரும் வேகத்தையும் மண் இளக்கத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. எலி வளையும் அடிக்கட்டையும் இல்லாத ஏரிக்கரை எங்கே இருக்கிறது? கையேட்டின் 15 பாகை, உற்பத்தியாளர்கள் பயந்துகொண்டு போட்ட எண் என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம்.

கவிழ்வதற்கு முன்பே வழுக்குவது உண்டு. ஈரப் புல்லில் டயருக்குப் பிடி போய்விட்டால் பிரேக்கும் உதவாது. நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும், ஜீரோ டர்ன் எனப்படும் வகையில் இது இரட்டிப்பு ஆபத்து. அதன் முன்சக்கரங்கள் நாற்காலிச் சக்கரம் போல் தாமாகச் சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வேலை. அவை வழுக்கினால் திசையும் போயிற்று, பிரேக்கும் போயிற்று. சமதளத்தில் வேகமானது என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. கரைக்கு முதலில் தள்ள வேண்டிய வகை இதுதான்.

இதற்கு எதிர்க்கட்சி, சரிவுக்கென்றே கட்டிய வண்டிகள் உண்டே என்கிறது. உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மேய்ச்சல் சரிவுகளுக்காக ஏபி நிறுவனம் செய்யும் தாழ்ந்த, அகன்ற, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். அமெரிக்காவின் வென்ட்ராக் நிறுவனத்தின், பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் பூட்டி 30 பாகை வரை ஓட்டலாம் எனப்படும் சிறு டிராக்டர். தரையைப் பற்றும் அகலமும் தாழ்ந்த கனமையமும் இவற்றின் பலம். ஒன்றுக்கு இரண்டு வெளிச்சரிவு இவற்றின் எல்லைக்குள் வருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த எல்லை கெட்டியான, சீரான தரைக்கு உரியது. கரிசல் கலந்த கரையில் கோடையில் கை நுழையும் வெடிப்பு விடும். மழைக்குப் பின் அதே மண் சோப்புக்கட்டி. மற்றொன்று முள். கருவேல முள்ளும் சாய்வாக வெட்டிய அடிக்கட்டையும் டயரைக் கிழிக்கும். சரிவின் நடுவில் கீழ்ப்பக்கத்து டயரில் காற்று இறங்குவது வெறும் பஞ்சர் இல்லை. அதுவும் சில பாகைகளைத் தின்னும். டயருக்குள் காற்றுக்குப் பதில் கெட்டி நுரை நிரப்புவது இதற்கு மாற்று. எடை கீழே சேர்வதால் நிலைப்பும் கூடும்.

வாங்குபவர்கள் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று என்ஜின் எண்ணெய் பற்றியது. சிறு என்ஜின்கள் சிலவற்றில் எண்ணெயை வாரியடித்தே உறுப்புகளுக்கு மசகு போகிறது. வண்டி நெடுநேரம் சாய்ந்திருந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வறண்டு என்ஜின் தேய்ந்துவிடும். பம்பு வைத்து அழுத்தத்தில் எண்ணெய் செலுத்தும் என்ஜினுக்குக்கூடச் சாய்வு எல்லை உண்டு. விலைப்பட்டியலில் குதிரைத்திறன் பெரிதாக இருக்கும். இந்த எல்லை கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும்.

கவிழ்ந்தாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்பது மூன்றாவது கட்சி. ஸ்வீடன் 1959-ல் புதிய டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் இரும்புக் காப்புச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது. பிந்தைய ஆண்டுகளில் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது பெருமளவு குறைந்தது. சட்டமும் இடுப்புப் பட்டையும் சேர்ந்தே பயன் தரும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டை கட்டுவது ஆளை வண்டியோடு நசுக்கக் கொடுப்பது. சட்டம் இருந்தும் பட்டை கட்டாதது, கவிழும்போது சட்டத்துக்கு அடியிலேயே போய் விழுவது. மரக்கிளை இடிக்கிறது என்று சட்டத்தைக் கழற்றி வீட்டில் வைக்கும் வழக்கம் டிராக்டர்களிலேயே இருக்கும்போது, புல்வெட்டும் வண்டியில் மட்டும் மாறும் என்று நம்ப இடமில்லை. மேலும், கவிழ்ந்து தண்ணீரில் விழும் வண்டிக்குப் பட்டை எந்த அளவு நன்மை என்பதும் விவாதத்துக்குரியது. நீர் நிரம்பிய உட்சரிவில் ஏறி ஓட்டும் எதையும் இறக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மேலிருந்து கை நீட்டுவது, தள்ளி நின்று இயக்குவது

சரிவில் இறங்காமலேயே சரிவை வெட்டலாம் என்பவர்கள் இரு வகை. ஒரு சாரார், டிராக்டர் கரை மேலேயே நிற்க, பக்கவாட்டில் நீளும் இரும்புக் கையின் நுனியில் வெட்டும் தலையைப் பூட்டச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் சாலையோரமும் கால்வாய்க்கரையும் இப்படித்தான் பெரும்பாலும் பராமரிக்கப்படுகின்றன. நெடுஞ்சாலைச் சரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம். ஏரிக்குக் கரையின் மேல் அகலமும் கெட்டியும் நிபந்தனை. தார்ச்சாலையே போட்ட கரைகளில் முடியும். ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிய கரையில் டிராக்டரே ஏறாது. கரையோரம் வரிசையாக நிற்கும் பனைகளும் கைக்குக் குறுக்கே வரும். பனை விதைகளை ஏரிக்கரைகளில் நடுவதை ஊக்குவிக்கும் அரசின் பனை இயக்கத்தையும், இயந்திர வெட்டையும் ஒரே கரையில் எப்படிப் பொருத்துவது என்று யாராவது இடைவெளி குறித்து முடிவெடுத்தாக வேண்டும்.

மற்றொரு சாரார் தொலைவிலிருந்து இயக்கும் வண்டிகளை முன்வைக்கின்றனர். செக் நாட்டில் உருவான ஸ்பைடர் என்னும் வண்டி தானாக 40 பாகை வரையும், மேலிருந்து கம்பி வடம் இழுத்துப் பிடித்தால் 55 பாகை வரையும் வெட்டும் என்று சொல்லப்படுகிறது. கவிழ்ந்தால் இரும்புதான் போகும், ஆள் போகமாட்டார். சரிவின் கணக்குக்கு முழுமையாக ஈடுகொடுக்கும் விடை இது ஒன்றே. எடுபடாத இடம், பழுது. திண்டிவனத்தில் டிராக்டருக்கு உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும். ரிமோட் பலகை பழுதானால் வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். பருவத்தில் ஆறு வாரம் மட்டுமே தேவைப்படும் வண்டிக்கு ஒரு மாதம் என்பது ஓராண்டுக்குச் சமம்.

புல்லையே மாற்றுவது

வெட்டுவதற்குப் பதில் வெட்டத் தேவையில்லாததை வளர்க்கலாம் என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டிவேரை மண்ணரிப்புத் தடுப்பாக உலக வங்கி 1980-களிலிருந்து பரப்பியது. அது நம் மண்ணின் புல். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் வேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கட்டும். ஆனால் அதுவும் ஆள் உயரம் வளரும், கோடையில் காயும், தீப்பிடிக்கும். வெட்டும் வேலை குறையலாம், ஒழியாது.

தீராதவை

இன்றைய நிலையில் இவ்வளவு சொல்லலாம். ஒரு மீட்டர்ச் சட்டத்தையும் ரசமட்டத்தையும் கொண்டு அளந்து 15 பாகைக்குள் வரும் பகுதிகளில், அதாவது கரையின் மேல்தளம், அடிவாரப் பாதை, அணையின் பூங்கா போன்ற இடங்களில், ஏறி ஓட்டும் சாதாரண வண்டி பயன்படும். 15-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வெளிச்சரிவில் சரிவுக்கென்றே கட்டிய அகன்ற வண்டி, அதுவும் முன்கூட்டியே ஒருவர் நடந்து போய் வளைக்கும் கட்டைக்கும் கொடி நட்ட பிறகு, உலர்ந்த நாளில், காப்புச்சட்டத்தோடு மட்டும். அதற்கு மேல் பிரஷ் கட்டரோ தொலைவில் இயக்கும் வண்டியோதான். கரை அகலமாக இருந்தால் இரும்புக் கை பூட்டிய டிராக்டர் இவை எல்லாவற்றையும்விட முந்தும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

வண்டி யாருடையது என்பதுதான் இன்னும் தீராதது. 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த பாசனச் சங்கங்களால் தனித்தனியே இதை வாங்கி வைத்துக்கொள்ள இயலாது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் மணிக்கணக்கு வாடகைக்கு விடுகிறது. அந்தப் பட்டியலில் கரை வெட்டும் தலையையும் சேர்ப்பது ஒரு வழி. நீர்வளத் துறையே கோட்டத்துக்கு ஒன்றாக வைத்திருப்பது மற்றொன்று. எந்த வழியிலும் ஒரே இடையூறு எதிர்ப்படும்: மாவட்டத்தின் எல்லா ஏரிக்கும் வண்டி அதே ஆறு வாரத்தில்தான் வேண்டும். யார் கரைக்கு முதலில், யார் கரைக்குக் கடைசியில் என்ற வரிசையை ஒன்றிய அலுவலகம் போடுமா, துறை போடுமா, கடைமடை ஏரிக்குள் தண்ணீர் வந்த பிறகு வண்டி வந்தால் அதற்குப் பொறுப்பு யார் என்பதற்கு எந்தத் திட்ட ஆவணமும் இன்னும் விடை எழுதவில்லை.